மஞ்சள் ஆமை

சாவியைத் திருகினால் முதலில் எல்லா விளக்குகளும் எரியும். பேட்டரி, ஆயில், கதவு, ஏர்பேக், அத்தனையும், வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் கை தூக்குவதுபோல ஒருமுறை தலைகாட்டிவிட்டு, எஞ்சின் கிளம்பியதும் ஒவ்வொன்றாகக் கையை இறக்கிக்கொள்ளும். இப்போதும் இறக்கிக்கொண்டன, ஒன்றைத் தவிர. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு. எனக்கு அது எஞ்சின், எழிலிக்கு அது ஆமை. நேற்று நிறைமாத எழிலியைச் சேலத்தில் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வருகையில், ஓமலூர் பாலத்தில் வண்டி மூச்சு வாங்கியதுபோல ஒருமுறை தயங்கியது. உடனே பின் இருக்கையிலிருந்து என் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, மஞ்சளா ஒரு ஆமை வந்திருக்குது பாருங்க" என்றாள். ஆமைதான். ஓடு, கழுத்து, பின்னால் சின்ன வால். வந்தால் வரட்டும், நாமும் மெதுவாகப் போவோம் என்று சொல்லிச் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சுலோ சிரிக்கவில்லை. வீட்டுக்குள் ஆமை வருவதைப் பற்றி அவள் ஊர்ப்பக்கம் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அவள் முகத்தைப் பார்க்காமலே மேட்டூர்வரை ஓட்டி வந்தேன். டாக்டரம்மா சொன்னது இதுதான்: குழந்தையின் தலை இறங்கிவிட்டது, இனி எந்த நேரமும் ஆகலாம், வலி கண்டால் அங்கே உட்கார்ந்து யோசிக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள். கிளம்பி வருவதற்குத்தான் இந்த வண்டி. பையில் துணி மடித்து வைத்தாயிற்று, ஸ்கேன் ஃபைல் வைத்தாயிற்று, பெட்ரோல் நிரப்பி டயருக்குக் காற்றுப் பிடித்தாயிற்று. டாக்ஸி சொல்லிக்கலாமே மாமா என்று பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை பிரவீன் காலையில் போனில் சொன்னார். நல்ல பிள்ளை. ஆனால் இந்த ஊர் டாக்ஸி ஸ்டாண்டில் இருட்டியபிறகு எத்தனை பேர் போனை எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாது. ஆம்புலன்சுக்கு அடிக்கலாம். அடிக்கலாம்தான். ஆனால் அது வரும்வரை சாலையைப் பார்த்துக்கொண்டே நிற்கிற ஆளாக இன்னொரு முறை இருக்க என்னால் ஆகாது.

இன்னொரு முறை என்று சொல்வது எழிலி பிறந்த அன்றை நினைத்துத்தான். அது மேச்சேரிக்கு இந்தப் பக்கம், ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி. காளியப்பன் என்பவருடைய அம்பாசடர் டாக்ஸி. பின் இருக்கையில் சுலோ, அவள் தலை என் மடியில். அங்கிருந்து பார்த்தால் காளியப்பனின் தோளுக்கு மேலே டாஷ்போர்டு தெரியும். சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது. முள் சிவப்புல இருக்குதுங்களே என்று சொன்னேன். "அது எப்பவும் அங்கதானுங்க சார் நிக்கும்" என்றார். அப்புறம் பானட்டுக்கடியிலிருந்து புகை வந்தது, சோற்றுப்பானை பொங்குவதுபோல ஒரு சத்தம், வண்டி நின்றுவிட்டது. மழைக்கு முந்தின காற்று, புழுதி, எதிர்த் திசையில் போகிற லாரிகள். நான் சாலை நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறேன். சுலோ கதவுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருக்கிறாள், வலது கையை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் கை மட்டும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது, வலி தாங்குவதற்குப் பிடித்த பிடி. கடைசியில் ஒரு பால் வேன் நின்றது. கேன்களுக்கு நடுவே சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்தோம், ஒவ்வொரு பள்ளத்திலும் கேன்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம், எழிலி பிறந்தாள், எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. நல்லபடியாக நடந்ததென்று எனக்குள் ஒரு பாதி நம்புகிறது. இன்னொரு பாதி இன்றுவரை அந்த வெட்டவெளியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எப்பவும் அங்கதான் நிக்கும். இதைவிடப் பொல்லாத பேச்சை நான் கேட்டதில்லை. ஓய்வு பெறும்வரை அனல்மின் நிலையத்தில் கருவிகள் பிரிவில் இருந்தவன் நான், முள்ளும் விளக்கும்தான் எனக்குச் சோறு போட்டன. கன்ட்ரோல் ரூம் சுவர் நிறைய கண்ணாடிக் கட்டங்கள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விளக்கு. எங்காவது அழுத்தம் கூடினால், எங்காவது தண்ணீர் குறைந்தால், அதற்குரிய கட்டம் மினுக்கும், ஹூட்டர் அலறும். ஒரு பொத்தானை அமுக்கினால் அலறல் நிற்கும், மினுக்குவது நின்று விளக்கு அசையாமல் எரியும். பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. நேற்று பாலத்தின்மேல் நான் சிரித்தேனே, அது அந்தப் பொத்தான்தான். அலறலை நிறுத்தினேன், விளக்கு அப்படியே எரிகிறது. ஆயுத பூஜை வந்தால் அந்தச் சுவரில் இருக்கிற மீட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். மறுநாள் நான் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக ஒவ்வொரு கண்ணாடியையும் துடைத்துக்கொண்டு போவேன், முள் தெரிய வேண்டுமே. கறுப்புச்சட்டை வந்துட்டாருய்யா என்பார்கள். கேலிதான், கோபமில்லை. கறுப்புச்சட்டை உண்மையில் என் அப்பா. எனக்கு இளவழகன் என்று பெயர் வைத்து, எங்கள் கல்யாணத்தை மந்திரம் ஓதாமல் மேடையில் மாலை மாற்றி நடத்தி வைத்தவர். சுலோ வீட்டில் அப்படியில்லை. அதனால் நாங்கள் வீட்டைப் பேச்சில்லாமலே பிரித்துக்கொண்டோம். அடுப்படி அவளுடையது. அங்கே அலமாரிக் கதவுக்குப் பின்னால் முருகனும் மாரியம்மனும் இருக்கிறார்கள், எனக்குத் தெரியும், கதவைத் திறந்து பார்த்ததில்லை. ஷெட் என்னுடையது. வண்டியில் எலுமிச்சம்பழம், மிளகாய், கறுப்புக் கயிறு எதுவும் கூடாது, இயந்திரத்துக்கு ஆயிலும் தண்ணீரும் போதும் என்று வாங்கின அன்றே சொன்னேன், அவளும் சரி என்றாள். வண்டியில் அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேலை, வெளியூர் கிளம்புமுன் பானட்டைத் திறந்து கண்ணாடி கழுவுகிற தண்ணீரை நிரப்பி வைப்பது. மழையில்லாத நாளிலும் மறக்க மாட்டாள்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு துளை வரிசை இருக்கிறது. குனிந்து, கழுத்தை ஒரு பக்கம் மடக்கி, தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கருவியை அதில் செருகினேன். போன வருஷம் ஆன்லைனில் வாங்கினது, அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தேன். அது வண்டியின் மூளையோடு பேசி, பேசினதைப் போனுக்கு அனுப்பும். இணைகிறது, இணைகிறது என்று போனில் ஒரு வட்டம் சுற்றுகிறது. ஸ்கேன் அறையில் டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் எதுவும் சொல்லாமல் திரையையே பார்ப்பார் என்று எழிலி சொல்வாளே, அந்தக் கொஞ்ச நேரம். அந்த அறைக்குள் என்னை விடமாட்டார்கள், வெளியே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து கதவின் கீழ் இடுக்கில் தெரிகிற செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செருப்பு நகர்ந்தால் முடிந்துவிட்டது என்று கணக்கு. வட்டம் இன்னும் சுற்றுகிறது. "அப்பா, ஆமை என்ன சொல்லுது?" ஷெட் வாசலில் எழிலி, ஒரு கை இடுப்பில், ஒரு கையில் உப்பு மிளகாய் தொட்ட கொய்யாக்காய். இன்னும் வாயைத் திறக்கல சாமி, நீ உள்ளே போய் உட்காரு என்றேன். "சாமி இல்லைன்னு சொல்ற வீட்ல ஒரே ஒரு சாமி நான்தான். எனக்கு மட்டும் பூஜை உண்டு, கோயில் கிடையாது" என்று கொய்யாவைக் கடித்துக்கொண்டே போனாள். இந்தப் பக்கத்தில் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள், என் அப்பாவும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார், அதில் தத்துவம் ஒன்றுமில்லை. போகும்போது நாலு எட்டு வைப்பதற்குள் நின்று மூச்சு வாங்கினாள். இப்போதெல்லாம் அப்படித்தான், பேசினால் மூச்சு வாங்குகிறது, குனிந்தால் வாங்குகிறது, உள்ளே இருப்பது நெஞ்சுக்கூட்டை மேலே தள்ளுகிறது. குழந்தை இறங்கியபின் கொஞ்சம் சுலபமாகும் என்றார் டாக்டரம்மா, ஆகவில்லையே, நாளைக்கு ஆகுமோ என்னவோ. வட்டம் நின்றது. ஒரு எழுத்தும் சில எண்களும், அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. படித்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கலவையில் பெட்ரோல் அதிகம், காற்றுப் போதவில்லை.

காற்றுப் போதவில்லை. ஷெட் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அது எஞ்சினைப் பற்றிய வாக்கியம், என் மகளைப் பற்றியது இல்லை, என் பேரப்பிள்ளையைப் பற்றியதும் இல்லை. ஒரு வாக்கியத்தை அது போகவேண்டிய இடத்துக்குத் திருப்பி அனுப்புவது எவ்வளவு கடினம். எஞ்சின் என்பது ஒரு விளக்குப் போல, எண்ணெயும் காற்றும் அளவாகச் சேர்ந்தால் நின்று எரியும், காற்றை மறைத்தால் கரி கக்கி மங்கும், அவ்வளவுதான் இதில் இருப்பது. ஏன் காற்றுப் போதவில்லை என்பதற்குப் போனில் காரணங்கள் வரிசையாக வந்தன, விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒழுகலாம், அழுத்தம் கூடியிருக்கலாம், சென்சார் கெட்டிருக்கலாம். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் ஜாஃபரைக் கூப்பிட்டால் பின்னால் மேளச் சத்தம். ஈரோட்டில் அக்கா வீட்டு விசேஷமாம், நாளைக்கு மத்தியானம்தான் வருவாராம். அதுவரைக்கும் ஓடுமா என்று கேட்டேன். ஓடும் சார், பெரும்பாலும் ஓடும் என்றார். பெரும்பாலும் என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. மேச்சேரி வெட்டவெளியில் அதை எந்த ரேடியேட்டரில் ஊற்றுவது. எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு, விளக்கு எரிந்தால் முதலில் கருவியைச் சந்தேகப்படு, பிறகு கம்பியை, இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் பாய்லரைப் பார். பயம் வந்தால் ஆள் நேராகப் பாய்லருக்குத்தான் ஓடுவான். ஓடக்கூடாது. எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானட்டின் நெம்புகோலை இழுத்தேன்.

டக் என்ற சத்தம் கேட்டதும் அடுப்படிப் பின்கதவில் சுலோ வந்து நின்றாள், கையில் கரண்டி. பானட்டைத் திறக்கணுங்களா என்று கேட்டாள். திறக்காமல் எப்படிப் பார்ப்பது என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டு, எல்லாத்தையும் கழட்டுவீங்களா என்று கேட்டாள். வேண்டியதை மட்டும் என்றேன். ஷெட் தரையில் ஆயில் சிந்துமே என்று கவலைப்படுகிறாள்போல என்று நினைத்து, பேப்பர் விரித்துக்கொள்கிறேன், தரை அழுக்காகாது என்று நானே சமாதானம் சொன்னேன். அவள் போகவில்லை, கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு உள்ளே குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டுப் போனாள். கருவி முதலில். சென்சாரின் இணைப்பைக் கழற்றி, ஊதி, துடைத்து, மறுபடி மாட்டினேன், கிளிக் என்று உட்கார்ந்தது, பச்சையாகக் களிம்பு எதுவும் இல்லை. அடுத்து கம்பி. டார்ச்சை அடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். எலி. ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு எலிதான் எமன், ஒரே ராத்திரியில் கம்பியின் தோலைத் தின்றுவிடும். எலி கடித்திருந்தால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது, கடித்த இடத்தை ஒட்டி டேப் சுற்றிவிடலாம், கண்ணுக்குத் தெரிகிற குறை எவ்வளவோ மேல். தோல் கடிபடவில்லை, புழுக்கை இல்லை, கூடு இல்லை. கருவி சரி, கம்பி சரி. அப்படியானால் பாய்லர். வியர்வை கண்ணில் இறங்கியது. இப்போது உள்ளேயிருந்து அவள் அப்பா என்று ஒரு மாதிரியான குரலில் கூப்பிட்டால் என்ன செய்வேன், வண்டியை இப்படியே எடுப்பேனா, எடுத்தால் ஓமலூர் பாலத்தில் அது மறுபடி தயங்குமா, தயங்கினால் பின்னால் திரும்பிப் பார்ப்பேனா, பார்த்தால் மூடின கை ஒன்று தெரியுமா. உள்ளே குழந்தைக்குப் பெயர் வைக்கிற பேச்சு நடக்கிறது, எழிலி ஏதோ ஒரு பெயரைச் சொல்லிச் சிரிக்கிறாள். சிரிக்கிறாள். வலியில்லை. கையைத் துடைத்துக்கொண்டேன். இன்னும் பார்க்காத ஒன்று இருக்கிறது. காற்றுப் போதவில்லை என்றால் காற்று வருகிற வழியைப் பார்க்க வேண்டாமா, அதைப் பார்க்காமல் எஞ்சினையே குற்றம் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

காற்று உள்ளே போகிற வழி மிகவும் எளிமையானது. ரேடியேட்டருக்கு மேலே, பானட்டின் உதட்டுக்கு அடியில், ஒரு கறுப்புக் குழாய் வாயைத் திறந்துகொண்டு இருக்கும், அதுதான் வண்டியின் மூக்கு. அதன் வழியாக வருகிற காற்று ஒரு கறுப்புப் பெட்டிக்குள் போய், அங்கே மடிப்பு மடிப்பாக இருக்கிற காகித வடிகட்டியில் தூசியை விட்டுவிட்டு, எஞ்சினுக்குள் போகும். கிளிப்புகளைத் தளர்த்தி மூடியைத் தூக்குவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. பெட்ரோல் வாசனை இல்லை, ரப்பர் வாசனை இல்லை. கசப்பு வாசனை. அம்மை போட்ட பிள்ளை படுத்திருக்கிற அறையின் வாசனை. எழிலிக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோது அவள் தலைமாட்டில் இருந்த வாசனை, அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, கிருமியைக் கொல்லும் என்று எங்கேயோ படித்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூடியைத் தூக்கினேன். பெட்டி நிறைய வேப்பிலை. கொத்துக் கொத்தாக, ஈர்க்கோடு, வடிகட்டியின் முகத்தில் போர்வை போர்த்ததுபோல அப்பிக்கொண்டு கிடந்தன. மூக்கு அடைத்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பம்பரின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். இன்ஜெக்டர் இல்லை, அழுத்தம் இல்லை, பாய்லர் இல்லை. இலை. வெறும் இலை. இலையை எடுத்துவிட்டால் காற்று வரும். காற்று வந்தால் வண்டி ஓடும்.

பேப்பரில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், கைப்பழக்கம், எதைக் கழற்றினாலும் வரிசையாக வைப்பது. எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தபடியே வைத்தேன். ஷெட்டுக்கு மேலே மரமில்லை, வேப்பமரம் தெருக்கோடியில் இருக்கிறது, காற்று இப்படிக் கொத்தாக ஒடித்துக் கொண்டுவந்து போடாது, எலி இதைத் தொடாது. அடியில் இருந்தவை தொட்டால் பொடியாயின. அதற்கு மேலே பழுப்பு. அதற்கும் மேலே மஞ்சள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கொத்து, ஓரம் மட்டும் வாடி, நடு இன்னும் பச்சையாக. அது ஒரு நாள் வயதுள்ள இலை. நேற்று ஒடித்தது. நேற்று நாங்கள் சேலம் போனோம். அதற்குக் கீழே இருப்பது போன வாரத்து இலை, போன வாரமும் போனோம். அதற்கும் கீழே அதற்கு முந்தினது. வளைகாப்பு முடிந்து எழிலி இந்த வீட்டுக்கு வந்தபிறகு எத்தனை முறை டாக்டரிடம் போனோமோ அத்தனை அடுக்கு. பொடியாகிப்போன அடி இலைதான் இங்கே வந்தபின் எடுத்த முதல் ஸ்கேன், அன்றைக்குத்தான் முதல்முதலாக அறைக் கதவைத் திறந்துவைத்துக் குழந்தையின் துடிப்பை எனக்கும் கேட்க விட்டார்கள், தூரத்தில் ரயில் போவதுபோல. ஒவ்வொரு முறையும் கிளம்புமுன் பானட்டைத் திறந்தது யார், கண்ணாடி கழுவுகிற தண்ணீரை மழையில்லாத நாளிலும் நிரப்பினது யார். பிள்ளைத்தாச்சிப் பெண் வெளியே கிளம்பினால் வேப்பிலை கூடப் போகவேண்டும் என்பது அவர்கள் பக்கத்துப் பழக்கம். வழியில் இருக்கிற எதுவும் அண்டாதாம். வண்டியில் எதுவும் கட்டக்கூடாது என்பது என் சட்டம். இரண்டுக்கும் இடையில் ஒரு கறுப்புக் குழாய் வாயைத் திறந்துகொண்டு இருந்திருக்கிறது. சுலோ சட்டத்தை மீறவில்லை, அவள் எதையும் கட்டவில்லை, போட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள், எவ்வளவு நேரமாகவோ. கன்ட்ரோல் ரூம் பஞ்சும் ஸ்பிரிட்டும் ஒரு பக்கம் ஞாபகத்துக்கு வந்தன, அம்மை போட்ட பிள்ளையின் தலைமாடு ஒரு பக்கம். அவள் பேப்பரில் இருந்த வரிசையைப் பார்த்தாள், அடுக்கடுக்காக நான் பிரித்து வைத்திருந்ததைப் பார்த்தாள். மறுக்கவில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. அந்த ஓட்டையால கெடுதலா என்று கேட்டாள். அதுதான் வண்டிக்கு மூக்கு என்றேன். குழாயின் வாயை எட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படியில் உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"அப்ப வேற எங்கங்க வைக்கலாம்?"

நான் பானட்டுக்குள் பார்த்தேன். அவளே தொடர்ந்தாள். "பின்னாடி வெச்சா ஆகாதுங்க. அவளுக்கு முன்னாடி அது போகோணும்." எதற்காக என்று கேட்கவந்தேன், கேட்கவில்லை, ஏனென்றால் அவள் வலது கையை மூடித் திறந்து மூடினாள், தன்னை அறியாமல் செய்வதுபோல. "அன்னிக்குக் காளியப்பன் வண்டியில எங்கம்மா குடுத்த கொத்த உள்ளங்கையில வெச்சிருந்தேன். பால் வண்டியிலயும் வெச்சிருந்தேன். நீங்க பாக்கல." நான் பார்த்தேன் சுலோ. நான் அந்தக் கையை மட்டும்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வலி என்று நினைத்தேன். வெட்டவெளியில் நான் இரண்டு பக்கமும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, நீ பயத்தில் கையை மூடியிருக்கிறாய் என்று நினைத்தேன், நீயோ பயப்படாமல் இருப்பதற்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாய். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. பயமா இல்லையா அன்னிக்கு என்று மட்டும் கேட்டேன். உங்க மூஞ்சியப் பார்த்துத்தான் பயமா இருந்துச்சு என்றாள்.

வடிகட்டியை வெளியே கொண்டுபோய் மெல்லத் தட்டினேன், சைக்கிள் பம்பால் மடிப்பு மடிப்பாக ஊதினேன், ஒரு ஈர்க்கு மட்டும் வெளியே வருவேனா என்று அடம்பிடித்தது, சுலோ தலையிலிருந்து கொண்டை ஊசி எடுத்துக் கொடுத்தாள். பெட்டியை மூடி, கிளிப் போட்டு, போனில் பழைய எச்சரிக்கையை அழித்தேன். அழித்தது வெறும் பொத்தான், அது எனக்குத் தெரியும், விளக்கு திரும்பி வராமல் இருந்தால்தான் நம்பலாம். சாவியைத் திருகினேன். எல்லோரும் கை தூக்கினார்கள். பேட்டரி இறக்கியது, ஆயில் இறக்கியது, கதவு இறக்கியது, மஞ்சள் ஆமையும் ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு காணாமல் போனது. அதற்கு மேல் ஷெட்டில் உட்கார முடியவில்லை. ஒரு சுற்று போய்விட்டு வரலாம் என்றதும் எழிலி எனக்கு முன்னால் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள், சுலோ பக்கத்தில். அணையின் உபரித் தண்ணீர் போகிற பதினாறு கண் மதகுப் பாலம் வரைக்கும் போனோம், ஏற்றத்தில் வேண்டுமென்றே அழுத்தினேன், தயங்கவில்லை, வண்டி நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக்கொண்டு ஏறியது. மதகில் தண்ணீர் இல்லை, பாறைகளின்மேல் கொக்குகள் நின்றன, மாலை வெயில் சாய்ந்து எல்லாம் மஞ்சளாக இருந்தது, டாஷ்போர்டைத் தவிர. திரும்பி வரும்போது எழிலி பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, ஆமை எங்கேப்பா என்றாள். தண்ணிக்குப் போயிருச்சு என்றேன். அது என்னதான் சொல்லுச்சு என்று கேட்டாள். மூக்கடைச்சிருச்சாம் என்றேன், சுலோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள், நேற்றுப் பாலத்தின்மேல் அவள் சிரிக்காத சிரிப்பும் அதில் சேர்ந்திருந்தது. எனக்குள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஆள், ஏதோ ஒரு வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, ஏறிப் போய்விட்டான்போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் எழிலி கால் நீட்டிப் படுக்கப் போனாள். நான் வண்டியைச் சுற்றி வந்தேன். கேட்ட கேள்வி கேட்டபடியே இருக்கிறது. எங்கே வைக்கலாம். ரேடியேட்டர் பக்கம் கூடாது, காய்ந்தால் சூட்டில் பற்றிக்கொள்ளும். பெல்ட் ஓடுகிற பக்கம் கூடாது. விளக்கு மறையக்கூடாது, காற்று மறையக்கூடாது. முன்னால் இருக்கவேண்டும், அது அவளுடைய நிபந்தனை. அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று வண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், இந்த வண்டியின் முகத்தை இவ்வளவு நேரம் நான் பார்த்ததேயில்லை. இருக்கிறது. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், பம்பருக்கும் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற அளவு இடைவெளி. சூடு வராது, எதுவும் இழுக்காது. ஸ்குருவை அரைத் திருகு தளர்த்தினால் காம்பு நுழையும், மறுபடி இறுக்கினால் விழாது. கூப்பிடாமலே சுலோ தெருக்கோடிவரை போய் ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு தடவையும் பழசை எடுத்துட்டுத்தான் புதுசு வைக்கோணும், சேர்த்து அடைக்கக்கூடாது என்று சொன்னேன். சரிங்க என்றாள். ஸ்குரு டிரைவரோடு வண்டிக்கு முன்னால் மண்டியிட்டேன், அவள் என் தோளுக்கு மேலாகக் கொத்தை நீட்டினாள். படுக்கப் போனவள் எப்போது எழுந்து வந்தாளோ, வாசலில் எழிலியின் குரல்.

"அம்மா, அப்பா எதுக்கு வண்டி முன்னாடி மண்டி போட்டுட்டு இருக்காரு?"

"ஸ்குரு லூசா இருக்குது சாமி" என்றேன், இலையின் காம்பு தகட்டுக்குப் பின்னால் நன்றாகப் போய் உட்காரும்வரை திரும்பாமல்.